அப்பா, அந்தப் பெரிய போரில் நீங்கள் என்ன செய்தீர்கள்?

கம்பனின் ஓசை நயத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கேட்டால், தமிழாசிரியர்களில் பலர் சூர்ப்பணகை அழகியாக உருமாறி இராமனை நோக்கி நடந்துவரும் பாட்டைத்தான் முதலில் சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் கொலுசு கட்டியதுபோல நடக்கும் பாட்டு அது. வருகிறவள் வஞ்சகி என்பதைப் பாட்டின் கடைசியில்தான் கம்பன் சொல்கிறான். அதற்குள் கேட்கிறவன் மயங்கி முடித்திருப்பான். வஞ்சனைக்கும் ஒரு வேலைப்பாடு உண்டு, அதை ரசித்துப் பார்க்கத் தெரியாதவனுக்கு அதனிடமிருந்து தப்பிக்கவும் தெரியாது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். அந்தத் துணிச்சலைக் கடன் வாங்கிக்கொண்டு நான் இங்கே நயம் பாராட்டப் போவது, 1915இல் லண்டனில் அச்சாகிப் பிரிட்டன் முழுவதும் ஒட்டப்பட்ட ஒரு சுவரொட்டியையும் அதன் கூடப்பிறந்தவை சிலவற்றையும்.

படத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு நடுத்தர வர்க்கத்து வீட்டின் கூடம். பூவேலை உறை போட்ட மெத்தை நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். மடியில் மகள். அவள் மடியில் விரித்த புத்தகம், புத்தகத்தின் மேல் அவள் விரல். காலடியில், தரையில், மகன் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான். போர்க்களம் இல்லை, கொடி இல்லை, ராஜா இல்லை, எதிரி இல்லை. கீழே சாய்வெழுத்தில் ஒரே வரி: “அப்பா, அந்தப் பெரிய போரில் நீங்கள் என்ன செய்தீர்கள்?” அந்த ‘நீங்கள்’ மட்டும் பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு. வரைந்தவர் சவில் லம்லி என்ற ஓவியர். வெளியிட்டது நாடாளுமன்ற ஆள்சேர்ப்புக் குழு.

இந்த வரியின் முதல் நயம் அதன் காலத்தில் இருக்கிறது. சுவரொட்டி தெருவுக்கு வந்தபோது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இரு தரப்பும் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்துவிட்டன. எப்போது முடியும் என்று தளபதிகளுக்கே தெரியாது. கேள்வியோ இறந்தகாலத்தில் கேட்கப்படுகிறது. ‘செய்தீர்கள்.’ ஆக, போர் முடிந்துவிட்டது. நாம் தோற்கவும் இல்லை: வீடு இடியவில்லை, திரைச்சீலை தொங்குகிறது, பெண் குழந்தை நிம்மதியாகப் புத்தகம் படிக்கிறாள், பையனுக்குச் சண்டை என்பது விளையாட்டுச் சாமானாகிவிட்டது. அப்பா உயிரோடு இருக்கிறார், கை கால் முழுசாக இருக்கின்றன. இவற்றில் எதையும் சுவரொட்டி வாய்திறந்து சொல்லவில்லை. “போர் சீக்கிரம் முடியும், நாம்தான் ஜெயிப்போம், உனக்கு ஒன்றும் ஆகாது, வந்து சேர்” என்று ஒரு வரி எழுதியிருந்தால், மீன்கடைக்காரர்கூட நின்று சிரித்திருப்பார். கேள்வியாக்கியதும் எல்லாம் உள்ளே போய்விடுகிறது. வாசலில் வந்தவரோடு நாம் பதிலுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது, கொல்லைக்கதவு வழியாக ஒருவர் மூட்டையைக் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டுப் போவதைப் போன்ற வேலை இது. மறுக்க வேண்டிய சங்கதியெல்லாம் மூட்டையில் இருக்கிறது. நாமோ வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது, மிரட்டலின் அழகு. போருக்குப் போகாதவனுக்கு என்ன தண்டனை என்று இந்தப் படம் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். சிறை இல்லை, வறுமை இல்லை, ஊர் விலக்கு இல்லை. நல்ல நாற்காலி, இரண்டு நல்ல குழந்தைகள், சாவகாசமான பொழுது. போருக்குப் போகாதவன் எதற்காகப் போகாமல் இருந்தானோ அதெல்லாம் அப்படியே அவனுக்குக் கிடைத்திருக்கிறது. கிடைத்ததை அனுபவிக்க முடியாமல் அந்த நாற்காலியையே முள்ளாக்குகிறது ஒரு குழந்தையின் கேள்வி. ‘போகாவிட்டால் இதையெல்லாம் இழப்பாய்’ என்று சொல்வது சாதாரண மிரட்டல், எல்லா ஊர் அரசும் செய்வது. ‘போகாவிட்டால் இதெல்லாம் உனக்கு இருக்கும், இருந்துகொண்டே உறுத்தும்’ என்பது கைதேர்ந்தவன் வேலை.

கேட்பவள் ஏன் மகள்? இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இதை அச்சிட்டது லண்டனின் ஜான்சன் ரிடில் நிறுவனம். அதன் இயக்குநர்களில் ஒருவர் ஆர்தர் கன். போரில் சேரலாமா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருந்த அவர், ஓர் இரவு தூங்கிக்கொண்டிருந்த மகனைப் பார்த்து, நாளைக்கு இவன் என்னைக் கேட்டால் என்ன சொல்லுவேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். சொன்ன வாய் மூடுவதற்குள், இது ஆள்சேர்ப்புச் சுவரொட்டிக்கு அருமையான வாசகம் ஆயிற்றே என்றும் தோன்றிவிட்டது. உடனே லம்லியிடம் ஓடினார். இதைப் பிற்காலத்தில் சொன்னவர், அன்று தூங்கிக்கொண்டிருந்த அதே மகன். படம் உருவாகி வந்தபோது கேட்கிறவன் மாறி, கேட்கிறவள் ஆகிவிட்டாள்.

அந்த மாற்றத்தைச் செய்த கையை நான் மெச்சுகிறேன். மகன் கேட்டிருந்தால் அந்தக் கேள்வியில் ஒரு போட்டி வந்திருக்கும். ‘நானாக இருந்தால் போயிருப்பேன்’ என்ற தொனி. ஆண்பிள்ளையின் கேள்விக்கு அப்பா அதட்டியாவது தப்பிக்கலாம். ‘நீ வளர்ந்து பார், அப்போது தெரியும்’ என்று சொல்லிவிடலாம். மகள் குற்றம் சாட்டவில்லை. பெருமைப்பட்டுக்கொள்ளத்தான் கேட்கிறாள். அவள் விரல் புத்தகத்தின் மேல் இருப்பதைக் கவனியுங்கள். அது போர்க் கதையாக இருக்கலாம், பாடப் புத்தகமாக இருக்கலாம். இந்தப் பக்கத்தில் என் அப்பா எங்கே என்று தேடுகிற விரல் அது. கள்ளமில்லாத கேள்வியைவிடக் கூர்மையான கத்தி கிடையாது, அதை எந்தக் கையாலும் தடுக்க முடியாது. மகனோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவனுக்குப் பதில் தேவைப்படவில்லை. சிப்பாய்களோடு சிப்பாயாக இருக்கிறான். அடுத்த போருக்கான ஆள் தயாராகிக்கொண்டிருப்பதாக நமக்கு இப்போது தோன்றுகிறது. லம்லிக்குத் தோன்றியிருக்காது.

கடைசியாகக் கண்கள். அப்பா மகளைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே, தெருவில் நிற்கும் நம்மைப் பார்க்கிறார். 1915இல் அந்தச் சுவர் முன்னால் நின்ற இளைஞன் பார்த்தது யாரை? சில வருடங்களுக்குப் பிந்தைய தன்னைத்தான். நாற்காலியில் இருப்பவருக்கு இனிப் பதில் சொல்ல வழியில்லை, காலம் கடந்துவிட்டது. தெருவில் நிற்பவனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கேள்வி மகளிடமிருந்து அப்பாவுக்கு வந்து, அப்பாவின் கண் வழியாகத் தெருவுக்குத் தாவுகிறது. பதில் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. அதை நிரப்புகிறவன் தானே யோசித்து, தானே முடிவெடுத்து, தன் காலாலேயே ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு நடந்து போவான். தன்னை யாரும் தள்ளவில்லை என்று சத்தியமும் செய்வான். பிரசாரக் கலையின் உச்சம் இந்தக் காலியிடம்தான் என்பது என் கட்சி. சொல்லிவிடுகிற பிரசாரம் மட்டமானது. கடைசிச் சொல்லை நம் வாயிலிருந்தே வரவழைப்பதுதான் தேர்ந்த பிரசாரம்.

ஆர்தர் கன் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும். சில நாட்களில் அவரே ஒரு தொண்டர் படையில் சேர்ந்துவிட்டார். வலை பின்னியவரே முதலில் அகப்பட்டார். பிரசாரம் செய்கிறவர்கள் எல்லாரும் கண்ணை உருட்டிக்கொண்டு பொய் தயாரிப்பவர்கள் என்ற எண்ணம் நமக்கு உண்டு. இவர் மனசாட்சியின் உறுத்தலும் வியாபார மூளையும் ஒரே மூச்சில் வேலை செய்த மனிதர். தனக்குள் உண்மையாகவே வலித்த இடத்தைத்தான் எடுத்து அச்சுக்குக் கொடுத்தார். அதனால்தான் அது அத்தனை பேருக்கு வலித்தது.

இந்தச் சுவரொட்டிகளின் தேவை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜெர்மனியிலும் பிரான்சிலும் கட்டாய ராணுவச் சேவை இருந்தது. பிரிட்டனில் 1916 ஜனவரி வரை இல்லை. ஆள் வேண்டுமென்றால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். 1914 ஆகஸ்டில் எல்லாக் கட்சியினரும் சேர்ந்து ஆள்சேர்ப்புக் குழுவை அமைத்தார்கள். தேர்தலில் வீடு வீடாக ஓட்டுக் கேட்ட அதே கட்சி அமைப்புகள் இப்போது ஆள் கேட்டன. பழக்கப்பட்ட கதவுகள், பழக்கப்பட்ட குரல்கள். செப்டம்பர் முதல் வாரங்களில் கூட்டம் அலைமோதியது. 1915இல் வரத்து குறைந்தது. குறையக் குறையச் சுவரொட்டிகளின் பேச்சும் மாறியதைப் பார்க்கலாம்: ராஜாவும் நாடும் அழைப்பதில் தொடங்கி, மெல்ல நகர்ந்து, வீட்டுக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. கட்டாயச் சேர்ப்பு வருவதற்குள் சுமார் 25 லட்சம் பேர் தாமாகச் சேர்ந்திருந்தார்கள்.

அன்றைய பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனரின் எல்லாருக்கும் தெரிந்த படம், மீசையும் நீட்டிய விரலுமாக, ஆல்ஃபிரெட் லீட் வரைந்து ‘லண்டன் ஒப்பீனியன்’ இதழின் 1914 செப்டம்பர் 5 அட்டையில் வந்தது. அமெரிக்கர்கள் அதையே மாற்றி ‘அங்கிள் சாம்’ ஆக்கிக்கொண்டார்கள். அது போர்க் காலத்தில் நாம் நினைக்கிற அளவுக்குப் பரவலாக ஒட்டப்படவில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள்; அதன் புகழில் பாதி போருக்குப் பின் சேர்ந்தது. எனக்கு அதில் பெரிய மயக்கம் இல்லை. விரலை நீட்டுவது போலீஸ்காரரும் செய்வதுதான்.

‘பிரிட்டனின் பெண்கள் சொல்கிறார்கள்: போ!’ என்ற 1915ஆம் ஆண்டுச் சுவரொட்டியில் கொஞ்சம் நிற்கலாம். சன்னல் ஓரத்தில் இரண்டு பெண்கள் அணைத்துக்கொண்டு நிற்கிறார்கள், பக்கத்தில் ஒரு சிறுவன் ஒண்டிக்கொண்டிருக்கிறான். வெளியே சிப்பாய்கள் அணிவகுத்துப் போகிறார்கள். பெண்களின் முகத்தில் சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் பிடித்து நிறுத்தப்பட்ட ஏதோ ஒன்று. சிரித்திருந்தால் கல்நெஞ்சக்காரிகள் என்று ஆகியிருக்கும், அழுதிருந்தால் ‘போகாதே’ என்று பொருள்பட்டிருக்கும். ஓவியரின் தூரிகை அந்த மயிரிழையில் நடக்கிறது. எழுத்து இன்னும் நுட்பம். பெண்களைப் பார்த்து ‘அவரை அனுப்பு’ என்று கேட்கவில்லை. பெண்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்று ஆணிடம் சொல்கிறது. எந்தப் பெண்ணை, எப்போது கேட்டார்கள்? கேட்கவில்லை. ஆனால் தெருவில் இதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் தன் மனைவி பேசாமல் சோறு போடுவதைக்கூட இந்த வாக்கியத்தால் அர்த்தப்படுத்திக்கொள்வான். அவளும் அதே தெருவில் அதே சுவரைப் பார்த்தவள்தான். ‘போகாதீர்கள்’ என்று சொல்ல வாய் எடுத்தால், பிரிட்டனின் பெண்கள் எல்லாரையும் விட்டுத் தான் மட்டும் தனியாக நிற்பதாக அவளுக்குத் தோன்றும். இருவருமே மனதுக்குள் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு, மற்றவருக்காகச் சரி என்று தலையாட்டிய வீடுகள் எத்தனையோ. பொதுக்கருத்து என்று நாம் சொல்வது பல சமயம் இப்படித்தான் உண்டாகிறது. எல்லாரும் அப்படி நினைக்கிறார்கள் என்று எல்லாரையும் நினைக்க வைத்துவிட்டால் போதும்.

பொய்யே இல்லாத பிரசாரமும் உண்டு. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. 1914 ஆகஸ்ட் கடைசியில் லிவர்பூலில் டெர்பி பிரபு ஒரு வாக்குக் கொடுத்தார். ஒன்றாகச் சேருகிற நண்பர்கள் ஒரே படைப்பிரிவில் ஒன்றாகவே இருக்கலாம். ஒரே அலுவலகம், ஒரே தெரு, ஒரே கால்பந்துக் குழு. ஊர் ஊராக இந்த ‘நண்பர் படைகள்’ திரண்டன. வாக்கு அப்படியே காப்பாற்றப்பட்டது. 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள் காலையில், அக்ரிங்டன் என்ற சின்ன ஊரின் நண்பர் படை சுமார் 720 பேராக ஏறிப் போனது. ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள் 584 பேர் செத்தோ, காயப்பட்டோ, காணாமலோ போனார்கள். ஒன்றாகவே.

நான் நயம் பாராட்டிக்கொண்டிருப்பது எதை என்பது மறந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த எண்ணை எழுதினேன். இனி, கடலுக்குப் போகலாம்.

1915 மே 7 அன்று அயர்லாந்துக்கு அருகே லூசிடானியா என்ற பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று ஒரே டார்பிடோவால் அடித்தது. 18 நிமிடத்தில் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள், அவர்களில் 128 பேர் அமெரிக்கர்கள். கப்பல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட காலையில்தான், போர்ப் பகுதிக்குள் பிரிட்டிஷ் கப்பல்களில் போவது ஆபத்து என்று ஜெர்மன் தூதரகம் பத்திரிகைகளில் எச்சரிக்கை விளம்பரம் கொடுத்திருந்தது. கப்பலின் சரக்குப் பட்டியலில் சுமார் 42 லட்சம் துப்பாக்கித் தோட்டாக்களும் இருந்தன. இவை எல்லாம் சேர்ந்ததுதான் நடந்த கதை. இதிலிருந்து இரண்டு கலைப்பொருள்கள் பிறந்தன.

ஒன்று, அடுத்த மாதமே பாஸ்டனில் வெளிவந்த சுவரொட்டி. வரைந்தவர் ஃபிரெட் ஸ்பியர். பச்சை இருட்டில், நீருக்கு அடியில், வெள்ளை உடையில் ஒரு தாய் மெல்லக் கீழே போய்க்கொண்டிருக்கிறாள். கண் மூடியிருக்கிறது. கூந்தல் மேலே மிதக்கிறது. மார்போடு அணைத்த கைக்குழந்தை. கரையொதுங்கிய உடல்களில் குழந்தையை இறுக அணைத்தபடி ஒரு தாய் இருந்தாள் என்று வந்த செய்திதான் மூலம். படத்தின் கீழே ஒரே சொல்: ‘படையில் சேர்’. அது அங்கே ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்தான்.

என்னென்ன இல்லை என்று பாருங்கள். கப்பல் இல்லை. கப்பலின் பெயர் இல்லை. ஜெர்மனி என்ற சொல் இல்லை. நாள் இல்லை. எதிரியின் முகம் இல்லை. அமெரிக்கா அப்போது போரிலேயே இல்லை, இன்னும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்துத்தான் இறங்கியது. படத்துக்கும் சொல்லுக்கும் நடுவே உள்ள தொலைவு மிகப் பெரியது: ஒரு தாய் மூழ்குகிறாள், ஆகவே நீ துப்பாக்கி எடு. இந்த ‘ஆகவே’யை ஓவியர் எழுதவில்லை. எழுதியிருந்தால் யாராவது மறித்து, தோட்டா எப்படிப் பயணிகள் கப்பலில் போயிற்று என்று கேட்டிருப்பார்கள். பார்க்கிறவனே ‘ஆகவே’யைப் போட்டுக்கொள்கிறான், போட்டுக்கொண்டதைத் தன் நெஞ்சின் ஈரம் என்று நம்புகிறான். ஈரம் உண்மையானதுதான், அதில் ஐயமே இல்லை. தாயை இரத்தமோ காயமோ கோரமோ இல்லாமல், ஏறத்தாழத் தூங்குகிறவளாக வரைந்திருப்பதையும் சொல்ல வேண்டும். கோரம் பார்ப்பவனை முகம் திருப்ப வைக்கும். அமைதி அவனை நிறுத்தி வைக்கும்.

இரண்டாவது, ஒரு பதக்கம். இதைத்தான் நான் அத்தனைக்கும் மேலே வைப்பேன். மியூனிக்கில் கார்ல் கெட்ஸ் என்ற பதக்கக் கலைஞர் 1915 ஆகஸ்டில் தன் சொந்த முயற்சியாக அதை வார்த்தார். அது கிண்டல் பதக்கம். ஒரு பக்கம் மூழ்கும் கப்பல். மேல்தளத்தில் பீரங்கிகளும் விமானமும் துருத்திக்கொண்டு நிற்க, மேலே ‘கடத்தல் சரக்கு இல்லை’ என்ற வாசகம். மறு பக்கம் கப்பல் கம்பெனியின் டிக்கெட் சன்னல். உள்ளே உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பது ஓர் எலும்புக்கூடு. மேலே ‘எல்லாவற்றுக்கும் மேல் வியாபாரம்’. கூட்டத்தில் ஒருவர் நீர்மூழ்கி ஆபத்துச் செய்தி உள்ள பத்திரிகையை வைத்துக்கொண்டிருக்கிறார். பயணிகளைத் தெரிந்தே சாவுக்கு ஏற்றியது அந்தக் கம்பெனியின் பேராசை என்பது கெட்ஸ் சொல்ல வந்தது. நியாயமோ இல்லையோ, அவர் குத்திக்காட்டியது பிரிட்டிஷ் வியாபாரிகளை. ஆனால் தேதியில் கோட்டைவிட்டார். மே 7 என்று இருக்க வேண்டிய இடத்தில் மே 5 என்று பொறித்துவிட்டார்.

சில நூறு பதக்கங்களே அவர் வார்த்தார். ஒன்று பிரிட்டிஷ் உளவுத்துறையின் கைக்குக் கிடைத்தது. அவர்கள் செய்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். மறுப்பு எழுதவில்லை. தடை செய்யவில்லை. பதக்கத்தின் படத்தில் ஒரு கோட்டைக்கூட மாற்றாமல், தவறான தேதியோடு அப்படியே நகல் எடுத்து, ஏறத்தாழ 3 லட்சம் வார்த்தார்கள். அந்த வேலையை நடத்திக்கொடுத்தவர் லண்டனின் பெரிய கடைக்காரரான செல்ஃப்ரிட்ஜ். அழகான அட்டைப்பெட்டி, மூடியில் கப்பல் படம், உள்ளே ஒரு துண்டுக் காகிதம். ஜெர்மானியர்கள் இந்தக் கொலையைக் கொண்டாடிப் பதக்கம் அடித்திருக்கிறார்கள் பாருங்கள் என்பது காகிதத்தின் சாரம். விலை ஒரு ஷில்லிங், வருமானம் காயம்பட்ட, கண்ணிழந்த சிப்பாய்களுக்கான நற்பணிக்கு.

பிரிட்டிஷ் பேராசையைக் கிண்டல் செய்த அதே எலும்புக்கூடு இப்போது ஜெர்மன் குரூரத்துக்குச் சாட்சியாகிவிட்டது. தேதிப் பிழை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது: கப்பல் மூழ்கியது ஏழாம் தேதி, பதக்கத்தில் ஐந்தாம் தேதி, அப்படியானால் முன்கூட்டியே திட்டம் போட்டுப் பதக்கத்தையும் வார்த்து வைத்திருந்திருக்கிறார்கள்! கெட்ஸ் பின்னால் தேதியைத் திருத்தி வார்த்தார். யார் கண்டுகொண்டார்கள்? நகலில் ஒரே ஒரு வேறுபாடு உண்டு என்று நாணயம் சேகரிப்பவர்கள் சொல்வார்கள்: மாதத்தின் பெயரை ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் பொறிக்காமல் ஆங்கிலக் கூட்டலில் பொறித்துவிட்டார்கள். 3 லட்சம் பேரில் அதைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. கையில் எடுத்துப் பார்த்தால் கனமாக, உலோகமாக, உண்மையாக இருக்கிறது. எதிரியின் வாயாலேயே வந்த வாக்குமூலம். அதோடு அதை வாங்கியது தர்மக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. தர்மம் செய்து வாங்கிய பொருளை யார் சந்தேகப்படுவார்கள்? எதிராளியின் பேச்சை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே போட்டுத் தலைப்பை மட்டும் மாற்றி வைக்கிற ஸ்கிரீன்ஷாட்டுகள் இன்று காலையிலும் உங்கள் கைபேசிக்கு வந்திருக்கும். அவற்றுக்கெல்லாம் பாட்டன் இந்த அட்டைப்பெட்டிதான்.

இதே போருக்கு இந்தியாவிலும் சுவரொட்டி ஒட்டினார்கள். வட இந்திய மொழிகளில் வந்த ஒன்றில் ஒரு சீருடை, துப்பாக்கி, பணம் மூன்றும் இருக்கின்றன, சீருடைக்குள் ஆள் இல்லை. இதையெல்லாம் யார் எடுத்துக்கொள்வார், உடனே படையில் சேருகிறவர்தான் என்று கேள்வியும் பதிலும் கூடவே. லண்டன் படத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால் வேடிக்கை தெரியும். இரண்டும் கேள்விதான். அங்கே கேள்வியை வைத்துவிட்டுப் பதிலைக் காலியாக விட்டார்கள்; இங்கே பதிலையும் தாங்களே சொல்லிவிட்டு, சட்டைக்குள் இருக்க வேண்டிய மனிதனைக் காலியாக விட்டார்கள். அங்கே மனசாட்சியோடு பேச்சு, இங்கே பசியோடு. யாரை மனிதனாக மதித்தார்கள் என்பதும் வேலைப்பாட்டின் நுணுக்கத்தில் தெரிந்துவிடுகிறது. வெறும் கூலிப் பேரம் என்றாலும், வஞ்சகம் குறைந்தது இந்தியச் சுவரொட்டிதான் என்று நான் சொல்லுவேன்.

லம்லியின் நாற்காலிக்குப் பதில்கள் வராமல் இல்லை. ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளர் தலைவர் ராபர்ட் ஸ்மில்லி போருக்கு எதிரானவர். அந்தப் பாழாய்ப்போன சண்டையை நிறுத்தப் பார்த்தேன் கண்ணு என்று தன் பிள்ளைக்குச் சொல்லுவேன் என்றாராம். காலியிடத்தை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம் என்பது அந்தச் சுவரொட்டியின் ஒரே ஓட்டை. ஸ்மில்லி நேராக அதில் கையை விட்டார். 1940இல் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு கட்டுரையில் இந்தப் படத்தை நினைவுகூர்கிறார். இதைப் பார்த்து மயங்கிப் போருக்குப் போனவர்களை, ஏன் மறுத்து நிற்கவில்லை என்று அவர்கள் பெற்ற பிள்ளைகளே பின்னால் இளக்காரமாகப் பார்த்தார்கள் என்கிறார். நடந்ததுதான். 1933 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் மன்றத்தில், ராஜாவுக்காகவும் நாட்டுக்காகவும் எந்தச் சூழ்நிலையிலும் போரிட மாட்டோம் என்ற தீர்மானம் 275க்கு 153 என்ற கணக்கில் நிறைவேறியது. வாக்களித்தவர்களில் பலர் படத்தில் தரையில் விளையாடும் பையனின் வயதினர். கேள்வியை அவர்கள் கேட்கத்தான் செய்தார்கள், வேறு குரலில்.

கலைக்குக் கலையாலேயே பதில் சொன்னவர் என்று நான் வைப்பது ஆஸ்திரேலியாவில் இருந்த டாம் பார்க்கரை. தொழிற்சங்கக்காரர். 1915இல் சிட்னியில் ஒரு சுவரொட்டி போட்டார். படம் இல்லை, வெறும் எழுத்து. அசல் அரசாங்கச் சுவரொட்டியின் மிடுக்கோடு, ஆயுதம் ஏந்துங்கள் என்று ஆரம்பிக்கிறது. அழைப்பு யாருக்கு? முதலாளிகள், பாதிரியார்கள், அரசியல்வாதிகள், நிலக்கிழார்கள், பத்திரிகை ஆசிரியர்கள், இன்னும் வீட்டிலேயே இருக்கிற மற்றத் தேசபக்தர்கள் எல்லாருக்கும். பதுங்குகுழியில் நாட்டுக்கு நீங்கள் தேவை என்கிறது. கிச்சனர் படத்தின் வாசகத்தில் இருந்த அதே ‘நீங்கள்’தான், விரல் மட்டும் திரும்பிவிட்டது. கடைசியில் தொழிலாளர்களுக்கு ஒரு வரி: உங்கள் எஜமானர்களைப் பின்பற்றுங்கள். அவர்கள் முன்னே போனால்தானே பின்னே போக முடியும் என்பதை அவரும் எழுதவில்லை. படிக்கிறவனே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஆள்சேர்ப்புக்கு ஊறு விளைவித்ததாக அவர் மேல் வழக்குப் போட்டார்கள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை அந்தத் தாளில் போருக்குப் போகாதே என்று ஒரு சொல் கிடையாது. எல்லாரையும் போகத்தான் சொல்கிறது.